கவனித்துக்கொள்பவர் கையொப்பம்

டேப்பின் ஓரம் மடிந்திருந்தது.

காலையில் விழித்ததும் இடது கண்ணின் மேல் விரலை வைத்துத் தடவியபோதுதான் அவருக்கு அது தட்டுப்பட்டது. கன்னத்துப் பக்கம் டேப்பின் முனை ஓர் அரிசி அளவுக்கு உள்ளே மடிக்கப்பட்டு, பிடித்து இழுக்க வாகாக நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தார். வலிக்காமல் வந்துவிட்டது. இமை முடி ஒன்றுகூடப் பிடுங்கவில்லை.

இதில் என்ன அதிசயம் என்றால், அவர் ஒருநாளும் டேப்பை மடித்ததில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தது உண்மைதான். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு கையால் வீங்கிய இமையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டேப்பை ஒட்டுவதே பெரும்பாடு. அதுவும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிற கண்ணோடு. இரண்டு முகம், இரண்டு டேப், நாலு கை. இதில் ஓரத்தை மடிப்பதற்கு எங்கே போவது? தினமும் காலையில் நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுப்பார்.

"தூக்கக் கலக்கத்துல நானே மடிச்சிருப்பேன்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். ஒண்டிக்கட்டைக்கு இது ஒரு வசதி. என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச வீட்டில் ஆளில்லை.

அவருக்கு ஐம்பத்தோரு வயது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து ஒத்துப்பார்க்கும் பிரிவில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். பழைய பத்திரத்தில் இருக்கிற கையெழுத்தும் புதுப் பத்திரத்தில் இருக்கிற கையெழுத்தும் ஒரே ஆளுடையதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆபீசில் அவரைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் பூதம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இடது கண்ணுக்குப் பின்னால் வலி தொடங்கியது. கண்ணைத் திருப்பினால் உள்ளே யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் இருந்தது. இரண்டே நாளில் இமை சிவந்து, தடித்து, விழி முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது.

"கிருமி இல்ல. கட்டியும் இல்ல," என்றார் டாக்டர். "உடம்புல காவல் காக்கிற படை ஒண்ணு இருக்கில்ல, அது எதிரி யாருன்னு தெரியாம உங்க கண்ணுக்குழிக்குள்ளயே போய் சண்டை போடுது. வேலியே பயிரை மேயுற கதைதான். மாத்திரைல அடங்கும். ஆனா உள்ள வீக்கம் ஜாஸ்தியானா பார்வை நரம்பு நசுங்கிடும். நசுங்கினா போனது போனதுதான்."

அதற்கு ஒரு பரீட்சையும் சொல்லிக்கொடுத்தார். ஒரு சிவப்பு மூடியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு மாற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணிலாவது சிவப்பு வெளுத்துத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் ஓடி வர வேண்டும். அவருக்குக் கண் என்றால் வெறும் கண் இல்லை. வேறு வேலை அவருக்குத் தெரியாது.

மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் போனார். அப்புறம் நர்ஸ் வந்து உட்கார்ந்தார். தூக்கத்தில் இமை மூடாமல் விழி காய்ந்தால் கண் புண்ணாகிவிடும். ராத்திரி பத்து மணிக்குக் களிம்பு போட்டு டேப் ஒட்ட வேண்டும். இரண்டு மணிக்கு எடுத்து, மறுபடி களிம்பு போட்டு மறுபடி ஒட்ட வேண்டும். ஆறு மணிக்கு எடுத்துவிடலாம்.

"ஓரத்தை மடிச்சு ஒட்டச் சொல்லுங்க, அப்பத்தான் எடுக்கும்போது தோல் உரியாது. வீட்ல யாரு இருக்காங்க?"

அவர் மருந்துச் சீட்டை நாலாக மடித்தார்.

"யாரும் இல்லன்னா சொல்லிடுங்க சார், வார்டுல ஒரு பெட் போட்டுடலாம். தனியா இதைச் செய்ய முடியாது."

பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரோடும் யாரோ ஒருவர் இருந்தார்கள். ஒரு கிழவரின் சட்டைப் பொத்தானை அவர் மகள் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் வாயில் வந்துவிட்டது.

"அக்கா இருக்காங்க."

அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. அவர் ஒற்றைப் பிள்ளை. வார்டில் இருபது பேர் நடுவில் பார்க்க யாரும் வராத ஆளாகப் படுத்துக் கிடக்க அவருக்கு மனமில்லை. அதற்காகச் சொன்ன பொய்.

நர்ஸ் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். கட்டம் போட்ட தாள். தேதி, நேரம், களிம்பு, டேப், குறிப்பு. கடைசிக் கட்டத்தில், கவனித்துக்கொள்பவர் கையொப்பம்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் உண்டா? சாதாரண ஆளாக இருந்தால் ஏதோ கிறுக்கி வைத்திருப்பான். அவர் அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அக்காவுக்கு ஒரு கையெழுத்து செய்தார். மூன்று வயது மூத்தவள். இடது கைப் பழக்கம். கொஞ்சம் அவசரக்காரி. முதல் எழுத்து பெரிதாக, பிறகு ஒரு சுழி, கடைசியில் கீழே இழுத்த நீண்ட வால். பழைய காகிதங்களில் நாற்பது தடவை போட்டுப் பார்த்துக் கை பழகிக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு வலியே தெரியவில்லை. என்னமோ வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல் இருந்தது.

பத்து மணிக்கும் ஆறு மணிக்கும் உள்ள கட்டங்களில் அன்றன்றே கையெழுத்துப் போட்டு வந்தார். இரண்டு மணிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் எழுந்ததில்லை. செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட மனசு உறுத்தியது. டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

டேப் மடிந்திருந்த நாளுக்கு மூன்றாம் நாள் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. காலையில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தார்.

இரண்டு மணிக் கட்டங்களில் கடைசி மூன்று காலியாக இல்லை. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததில் இத்தனை நாளும் அந்தக் கட்டங்களை அவர் உற்றுப் பார்த்ததில்லை.

அதே முதல் எழுத்து. அதே சுழி. அதே வால். மறதியில் நாமே போட்டிருப்போம் என்று நினைத்தார். மாத்திரை அப்படியெல்லாம் பண்ணும் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் தொழில் புத்தி விடுமா? மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் குனிந்து பார்த்தார்.

போலிக் கையெழுத்து போடுகிறவன் எங்கேயாவது தயங்குவான். திருப்பத்தில் பேனா ஒரு நொடி நிற்கும். நின்ற இடத்தில் மை திட்டாகும். அவர் போட்ட கையெழுத்துகளில் சுழிக்கு முன்னால் அந்தத் திட்டு எல்லாவற்றிலும் இருந்தது. அதோடு, அவை அத்தனையும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருந்தன. நிஜமான ஆள் இரண்டு தடவை ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை.

இந்த மூன்றும் மூன்று விதமாக இருந்தன. ஒன்றில் வால் குட்டை. ஒன்றில் சுழி பாதிதான். எங்கேயும் தயக்கமில்லை, திட்டு இல்லை. இடது கைக்காரர்கள் எழுதும்போது எழுதிய மை மேலேயே கை நகர்ந்து லேசாக இழுபடும். அந்த இழுப்பும் இருந்தது.

யாராவது இந்தத் தாளை ஆபீசில் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தால், யோசிக்காமல் சொல்லியிருப்பார். இந்த மூன்றும் அசல். மற்றதெல்லாம் இதைப் பார்த்துப் போட்ட போலி.

அவர் வீட்டின் ஒவ்வொரு கதவையும் தாழ்ப்பாளையும் போய்ப் பார்த்தார். எல்லாம் உள்ளே பூட்டியபடியே இருந்தன. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு குளியலறை. ஒளிய இடமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விழியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "அட, துளிகூடக் காயலையே. நான் புண்ணாகியிருக்கும்னு பயந்தேன்."

"அவங்க அக்கா கண்ணும் கருத்துமா பாத்துக்கறாங்க டாக்டர்," என்றார் நர்ஸ், தாளைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு மணி ஒண்ணுகூட விடல."

அவர் தாளை எட்டிப் பார்த்தார். அவர் நிரப்பாமல் விட்டிருந்த பழைய இரண்டு மணிக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. வீட்டிலிருந்து கிளம்பும்வரை காலியாக இருந்தவை. தாள் அவர் பைக்குள்தான் இருந்தது.

அவருக்குக் குலை நடுங்கியது உண்மை. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் முழுசாகச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி, சாவியைத் திருப்பி, இருட்டான கூடத்தில் நின்றபோது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீடு காலி வீடு மாதிரி அவருக்குத் தெரியவில்லை. வந்து போவது யாராக இருந்தால் என்ன? கண் நல்லாகிறதே. ஆபீசிலிருந்து பிரிவு அதிகாரி ஒரே ஒரு தடவை போன் செய்திருந்தார். "நிதானமா வாங்க சார், இங்க ஒண்ணும் அவசரமில்ல," என்றார். இருபத்தாறு வருஷத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

அவர் கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தாளையும் பேனாவையும் அதன் மேல் வைத்தார். அன்றிலிருந்து அவர் கையெழுத்துப் போடவில்லை. தேவைப்படவுமில்லை.

குறிப்புக் கட்டத்திலும் எழுத்து வந்தது. நன்றாகத் தூங்கினார். அடுத்த நாள், நன்றாகத் தூங்கினார். அதற்கு அடுத்த நாள், தூக்கத்தில் அழுதார், தலையைக் கோதிவிட்டேன்.

அதைப் படித்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அவர் தலையை யாரும் தொட்டு முப்பது வருஷம் ஆகியிருக்கும், முடிவெட்டுகிறவரைத் தவிர. "அக்கா," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது. பகலெல்லாம் அவளோடு பேசத் தொடங்கினார். மாத்திரை கசக்கிறது என்றார். அந்த நர்ஸ் நல்ல மாதிரி என்றார். டீ போட்டால் இரண்டு டம்ளரில் ஊற்றினார். இரண்டாவது ஆறிப்போய் அப்படியே இருக்கும். எடுத்துக் கொட்டும்போது கொஞ்சம் மனசு கஷ்டப்படும்.

ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் வந்தது.

அன்று தூங்குகிற மாதிரி கிடந்தார். இடது கண்ணில் டேப். வலது கண்ணை ஒரு கோடு அளவுக்குத் திறந்து வைத்திருந்தார். சமையல்கட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது. மேல்வீட்டில் யாரோ தண்ணீர் திறந்து மூடியது கேட்டது. அப்புறம் தெருவில் ஒரு வண்டி போய் ஓய்ந்தது. அதற்கப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. தன் மூச்சு தனக்கே கேட்கிற அமைதி. களிம்பு வாடை மெல்ல வந்தது, அதற்கு அடியில் இன்னொரு வாடை, ஆபீசில் பழைய பத்திரங்களை அடுக்கி வைத்திருக்கிற அறையின் கதவைத் திறந்தால் வருமே, வருஷக்கணக்காகக் கைபடாத காகிதத்தின் வாடை.

நாற்காலி கிறீச்சிட்டது.

யாரோ எழுந்திருக்கிற சத்தம் அது. உட்கார்கிற சத்தம் இல்லை. அப்படியென்றால் இவ்வளவு நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

இடது கண்ணின் டேப் விலகியது. களிம்பு ஜில்லென்று இறங்கியது. டேப் ஒட்டப்பட்டது. ஓரம் மடிந்தது. எல்லாம் பழகின கை. அவர் வலது கண்ணை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

ஒரு குளிர்ந்த உள்ளங்கை நெற்றியிலிருந்து கீழே இறங்கி வலது இமையை மூடியது. அவசரமில்லாமல். அழுத்தமாக. உயிர் போனவர்களுக்குத்தான் அப்படி மூடிவிடுவார்கள்.

காலையில் தாளில் இருந்தது. இரவில் கண் திறந்தார், மூடினேன்.

அதற்கப்புறம் அவர் டீயை ஒரு டம்ளரில்தான் ஊற்றினார். வீட்டுக்குள் சத்தமாகப் பேசவில்லை. நாற்காலியைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார். காலையில் அது கட்டில் பக்கத்திலேயே இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை டாக்டர் சிரித்த முகமாக இருந்தார். வீக்கம் முக்கால்வாசி வடிந்துவிட்டது. "இமை முழுசா மூடுது. இனி டேப் வேண்டாம், தாளும் வேண்டாம். மாத்திரையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம், நீங்களா நிறுத்திடாதீங்க. இன்னொரு கண்ணுக்கும் இது வரலாம், சிவப்பு மூடியை மறந்துடாதீங்க. நாளைக்கு ஒரு தடவை வந்து நரம்பு பரிசோதனை பண்ணிட்டுப் போங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவருக்குக் கை லேசானது. நர்ஸிடம் மெதுவாகச் சொன்னார்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். எனக்கு அக்கா கிடையாது. நான் பொய் சொல்லிட்டேன்."

நர்ஸ் சிரித்துவிட்டார். "என்ன சார், அக்கா தம்பிக்குள்ள சண்டையா? நான்தான் போன்ல பேசினேனே."

"எப்ப?"

"போன வாரம். அவங்கதான் எடுத்தாங்க. தூங்குறான், எழுப்ப வேண்டாம்னாங்க. என்ன பாசமான குரல்! எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு அக்கா இல்லையேன்னு நினைச்சுக்கிட்டேன்." அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "மாத்திரை சில பேருக்கு மனசைக் குழப்பும் சார். பயப்படாதீங்க. நாளைக்கு வரலன்னா நானே போன் பண்றேன்."

வீட்டில் கூடத்தில் நின்று, காலியான நாற்காலியைப் பார்த்து, அவர் சொன்னார். "எனக்குச் சரியாயிடுச்சு. இனிமே யாரும் பாத்துக்க வேண்டாம். ரொம்ப நன்றி."

குழாய்கூடச் சொட்டவில்லை.

படுக்கப் போகும்போது வலது கண்ணுக்குப் பின்னால் லேசாக வலித்தது. கண்ணைத் திருப்பினார். உள்ளே நூல் இழுத்தது.

எழுந்து விளக்கைப் போட்டு, சிவப்பு மூடியைக் கையில் எடுத்தார். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். நல்ல சிவப்பு. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். வெளுத்த செங்கல் நிறம். மறுபடி பார்த்தார். செங்கல்தான். இப்பவே கிளம்பிவிடலாம் என்று சட்டையை எடுத்தார். ஒரு பொத்தானைப் போட்டார். தலை கனத்தது. ஒரு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்து கிளம்பலாம் என்று உட்கார்ந்தார்.

விழித்தபோது இருட்டாக இருந்தது.

பறவைச் சத்தம் கேட்டது. மேல்வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள். முகத்தில் வெயில் சுட்டது. விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் இருட்டு.

முகத்தைத் தொட்டார். டேப். இடது கண்ணிலும் வலது கண்ணிலும். ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மறு நெற்றிப்பொட்டுவரை, ஒன்றின் மேல் ஒன்றாக. ஓரத்தைத் தேடினார். மடிப்பைத் தேடினார். எங்கேயும் மடிக்கவில்லை. நகத்தால் சுரண்டினார்.

நகம் இல்லை.

பத்து விரலிலும் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. ஒழுங்காக, பாசமாக. விரல் நுனி டேப்பின் மேல் வழுக்கியது. எழுந்து உட்காரப் பார்த்தார். ஒரு குளிர்ந்த கை அவர் கையைப் பிடித்துத் திருப்பி நெஞ்சின் மேல் வைத்தது. மற்ற கையையும். அவற்றின் மேல் இறங்கிய கனத்தை அவரால் அசைக்க முடியவில்லை.

போன் அடித்தது.

பக்கத்தில்தான் அடித்தது. இரண்டு தடவை. மூன்று தடவை. நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எடுத்தார்கள்.

"சார், ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன்," என்றது நர்ஸின் குரல், சன்னமாக. "இன்னைக்கு வரலையே?"

"அவன் தூங்குறான்மா."

அவரை 'அவன்' என்று சொல்ல உலகத்தில் யாரும் மிச்சமில்லை. அந்தக் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது.

"சிஸ்டர்!" என்று கத்தினார் அவர். "சிஸ்டர், வலது கண்ணு! சிவப்பு தெரியல! ஆள் அனுப்புங்க!"

"யாரு, அவரா? என்ன சொல்றாரு?"

"தூக்கத்துல உளறுறான். பாவம்."

"மாத்திரை அப்படித்தான்மா பண்ணும். கண்ணு எப்படி இருக்கு?"

"ரெண்டும் மூடியிருக்கு. நான் பாத்துக்கறேன்."

"நீங்க இருக்கீங்கன்னுதான் எனக்கு நிம்மதி. சரிம்மா, நிதானமா கூட்டிட்டு வாங்க."

போன் வைக்கப்பட்டது.

காகிதம் விரிகிற சத்தம். நேற்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த தாளோ, புதுத் தாளோ. பேனா ஓடியது. முதல் எழுத்து, சுழி, நீண்ட வால். எங்கேயும் நிற்கவில்லை. அதைக் கேட்டே அவருக்குத் தெரிந்தது.

பேனாவைக் கீழே வைத்தாள். விரல்கள் அவர் தலைமுடிக்குள் நுழைந்து மெல்லக் கோதின. அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். கோதிய கை நின்றது. சுருளிலிருந்து இன்னொரு துண்டு டேப் கிழிபட்டது.